எந்த வயதில் கட்டினாலும் குற்றம்

1959-ஆம் ஆண்டு 'பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் கேன்சர்' இதழில் வாய்ப் புற்றின் காரணங்களை ஆராயும் கட்டுரை ஒன்று வெளியானது. எழுதியவர்கள் இருவர்: வி. சாந்தா, எஸ். கிருஷ்ணமூர்த்தி. இருவரும் சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையின் மருத்துவர்கள். கிருஷ்ணமூர்த்தி மூத்தவர்; மருத்துவமனையைக் கட்டி எழுப்பியவர்களில் ஒருவர். ஆனாலும் முதலில் இருப்பது சாந்தாவின் பெயர்தான். அப்போது அவருக்கு 32 வயது, பணியில் சேர்ந்து 4 ஆண்டுகள் ஆகியிருந்தன. 1963-இல் அதே இதழில் அதே இருவரின் அடுத்த கட்டுரை வந்தது. இந்த முறை வாயோடு தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுகளும் சேர்ந்துகொண்டன. புகையிலை சேர்த்து வெற்றிலை போடுவதற்கும் இந்தப் புற்றுகளுக்கும் உள்ள உறவைச் சென்னை நோயாளிகளை வைத்துக் காட்டிய தொடக்ககால ஆய்வுகள் இவை.

சாந்தாவைப் பற்றித் தமிழில் எழுதப்படுபவை அநேகமாக இந்தக் கட்டுரைகளைத் தொடுவதில்லை. சேவை, தியாகம், எளிமை, திருமணம் செய்துகொள்ளாத வாழ்வு, மருத்துவமனை வளாகத்திலேயே ஓர் அறை, 2005-இல் மகசேசே விருது, 2016-இல் பத்ம விபூஷண் என்று சொல்லி முடித்துவிடுவோம். ஒரு பெண்ணின் அறிவுழைப்பைத் தாய்மையாகவும் தவமாகவும் மாற்றிச் சொல்வது நமக்குப் பழகிப்போன வேலை. அதனால்தான் அவருடைய ஆய்வுக் கட்டுரைகளைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். நான் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதியில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறேன். மருத்துவம் எனக்குத் தெரியாது. அட்டவணை படிக்கத் தெரியும். யாரை எண்ணினார்கள், யாரோடு ஒப்பிட்டார்கள், எதைக் கேட்டார்கள், எதைக் கேட்கவில்லை என்பதை அட்டவணையிலிருந்து ஓரளவு சொல்லிவிடலாம்.

அந்த மருத்துவமனையே பெண்கள் இயக்கத்தின் குழந்தை. 1917-இல் அடையாறில் தொடங்கப்பட்ட இந்திய மாதர் சங்கம்தான் புற்றுநோய் நிவாரண நிதியைத் திரட்டியது. முன்னின்றவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தங்கையைப் புற்றுக்குப் பறிகொடுத்தவர். தேவதாசி முறை ஒழிப்புக்கும் பெண் குழந்தைகளின் திருமண வயதை உயர்த்தவும் சட்டமன்றத்தில் போராடியவர். 1954-இல் 12 படுக்கைகளோடு மருத்துவமனை தொடங்கியது. கிருஷ்ணமூர்த்தி அவருடைய மகன். 1955-இல் மகப்பேறு மருத்துவத்தில் எம்.டி. முடித்த சாந்தாவுக்கு அரசுப் பணி காத்திருந்தது. அதை விட்டுவிட்டு அடையாறுக்கு வந்தார். மயிலாப்பூரில் பிறந்தவர், சி.வி. ராமனும் எஸ். சந்திரசேகரும் உறவினர்கள். எல்லாப் பெண்களுக்கும் வாய்க்காத தொடக்கம் அது. அதைச் சொல்லாமல் விட்டால் அவருடைய சாதனை பெரிதாகிவிடாது.

1959 கட்டுரையின் முறை எளியது. நோய் வந்தவர்களையும் வராதவர்களையும் எடுத்துக்கொண்டு, இரு தரப்பிடமும் ஒரே கேள்விகளைக் கேட்க வேண்டும். புற்று ஆய்வில் இந்த முறையை முழுமையாகக் கையாண்டவர்களில் முதல்வர் என்று சொல்லத்தக்கவரும் ஒரு பெண்தான். இங்கிலாந்தின் ஜேனட் லேன்-கிளேபன் என்ற மருத்துவர், மார்பகப் புற்று வந்த 500 பெண்களையும் வராத 500 பெண்களையும் ஒப்பிட்டு 1926-இல் அறிக்கை வெளியிட்டார். தாமதமாக மணந்தவர்கள், குறைவாகப் பிள்ளை பெற்றவர்கள், பால் கொடுக்காதவர்கள் ஆகியோரிடம் நோய் கூடுதலாக இருந்தது. 1929-இல் அவர் தாமே திருமணம் செய்துகொண்டார். மணமான பெண்ணுக்கு அரசுப் பணியில் இடமில்லை என்ற அக்கால விதியால் அவருடைய ஆய்வு வாழ்வு அதோடு முடிந்தது. மணமாகாவிட்டால் மார்புக்கு ஆபத்து என்று கண்டறிந்தவருக்கு, மணந்ததால் வேலை போயிற்று.

திருமணத்தையும் புற்றையும் சேர்த்துப் பார்ப்பது இன்னும் பழைய பழக்கம். 1842-இல் இத்தாலியின் வெரோனா நகரத்து இறப்புப் பதிவுகளை ரிகோனி-ஸ்டெர்ன் என்ற மருத்துவர் ஆராய்ந்தார். கன்னியாஸ்திரீகளிடம் கருப்பைப் புற்று அரிதாகவும் மார்பகப் புற்று அதிகமாகவும் இருந்தன. மணமான பெண்களிடம் கருப்பைப் புற்று அதிகம் என்று அவர் எழுதினார். எண்களில் பிழை இருந்தாலும் போக்கு சரிதான் என்று பின்னால் தெரிந்தது. ஆண்களின் இரைப்பைப் புற்றை யாரும் அவர்களுடைய திருமண வயதோடு சேர்த்து எழுதவில்லை.

பிறகு கணிதவியலர்கள் வந்தார்கள். 1954-இல், சாந்தாவின் முதல் கட்டுரைக்கு 5 ஆண்டு முன்பு, அதே 'பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் கேன்சர்' இதழில் பீட்டர் ஆர்மிட்டேஜ், ரிச்சர்ட் டால் இருவரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒரு செல் ஒரே நாளில் புற்றுச் செல்லாக மாறிவிடுவதில்லை; ஒன்றன்பின் ஒன்றாகச் சுமார் 6, 7 மாற்றங்கள் நடந்தாக வேண்டும் என்பது அவர்கள் வாதம். சான்றாக இருந்தது ஒரு கோடு. வயது கூடக்கூடப் புற்றால் இறப்போர் எண்ணிக்கை வயதின் ஆறாம் அடுக்கை ஒட்டி ஏறியது. வயது இரு மடங்கானால் ஆபத்து 2 மடங்கு அல்ல, 64 மடங்கு. செல்லுக்குள் எட்டிப் பார்க்காமல், இறப்புப் பதிவேட்டை வைத்தே செல்லுக்குள் நடப்பதை ஊகித்த அழகான கணக்கு அது.

ஆனால் எல்லாப் புற்றும் அந்தக் கோட்டில் நிற்கவில்லை. மார்பகம், சூலகம், கருப்பை, கருப்பைவாய் ஆகியவை விலகி நின்றன. பெண்ணுக்கு வரும் முக்கியமான புற்றுகள் எல்லாம் சூத்திரத்துக்கு விதிவிலக்குகள் ஆயின. மார்பகத்தைக் கோட்டுக்குள் கொண்டுவர 1983 வரை ஆயிற்று. அந்த ஆண்டு மால்கம் பைக்கும் உடன் ஆய்வாளர்களும் 'நேச்சர்' இதழில் ஒரு வழி சொன்னார்கள். மார்பகத் திசுவுக்கு என்று தனி வயது உண்டு. அது பிறந்த நாளிலிருந்து அல்ல, முதல் மாதவிலக்கிலிருந்து ஓடத் தொடங்குகிறது. முதல் குழந்தைக்குப் பின் வேகம் குறைகிறது. மாதவிலக்கு நின்றபின் இன்னும் மெதுவாகிறது. இப்படி வைத்துக்கொண்டால் மார்பகப் புற்றும் அதே சூத்திரத்துக்குள் வந்துவிடுகிறது. நல்ல கணிதம் என்று ஆசிரியராக ஒப்புக்கொள்கிறேன். பெண்ணின் பூப்பும் பேறும் ஒரு சமன்பாட்டின் உறுப்புகளாக அமர்ந்தது இப்படித்தான். அங்கே அவை செல் பிரியும் வேகத்தைச் சொல்லும் எண்கள், அவ்வளவே. அந்த எண் ஊருக்குள் வந்து சேரும்போது எப்படி ஒழுக்கப் பாடமாகிறது என்பதுதான் என் கேள்வி.

சென்னையின் கதையைப் பார்ப்போம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசியத் திட்டத்தின் கீழ், அடையாறு மருத்துவமனை 1982 முதல் சென்னை மக்கள்தொகைப் புற்றுநோய்ப் பதிவேட்டை நடத்தத் தொடங்கியது. சாந்தா அப்போது அதன் இயக்குநர். புற்றுநோயைக் கட்டாயம் அறிவிக்க வேண்டும் என்ற விதி இல்லாத காலம். பதிவேட்டுப் பணியாளர்கள் மருத்துவமனை மருத்துவமனையாக ஏறி இறங்கி, மாநகராட்சியின் இறப்புப் பதிவுகளைப் புரட்டி, ஒவ்வொரு பெயராகச் சேர்த்தார்கள். எத்தனை பேருக்கு நோய் என்பதை எத்தனை பேரில் என்பதால் வகுத்தால்தான் வீதம் கிடைக்கும். ஒரு மருத்துவமனையின் வாசலுக்கு வந்தவர்களை மட்டும் எண்ணினால் வகுக்கும் எண் கிடைக்காது. ஊரை எண்ண வேண்டும். சாந்தாவின் பெயர் தாங்கிய பிற்காலக் கட்டுரைகள் பல இந்தப் பதிவேட்டிலிருந்து பிறந்தவை.

பதிவேடு தொடங்கியபோது சென்னைப் பெண்களிடம் முதலிடத்தில் இருந்தது கருப்பைவாய்ப் புற்று. 2000-களின் நடுப்பகுதிக்குள் அதன் வீதம் ஏறத்தாழப் பாதியாக இறங்கியது. மார்பகப் புற்று முதலிடத்துக்கு வந்தது. அரசு அமைப்பாக நடத்திய பரிசோதனைத் திட்டத்தால் வந்த இறக்கம் அல்ல இது. தமிழக அரசின் கருப்பைவாய்ப் புற்றுப் பரிசோதனை முன்னோட்டமே 2007-இல்தான் தேனியிலும் தஞ்சாவூரிலும் தொடங்கியது. பெண்கள் படித்தார்கள், தாமதமாக மணந்தார்கள், குறைவாகப் பெற்றார்கள், தண்ணீரும் கழிப்பறையும் கொஞ்சம் எட்டின. இவைதான் காரணமாக ஆய்வாளர்கள் சொல்வது. பெண்கள் தங்கள் வாழ்க்கையை மாற்றிக்கொண்டதால் குறைந்த புற்று என்று நான் படிக்கிறேன்.

இதற்கு நமக்குக் கிடைத்த பாராட்டு என்ன? 1980-களில் கருப்பைவாய்ப் புற்றுக்குக் காரணம் சொன்னபோது பட்டியலில் இருந்தவை: சிறு வயதில் திருமணம், நிறையப் பிள்ளைகள், 'சுத்தமின்மை'. இன்று மார்பகப் புற்றுக்குச் சொல்லும் பட்டியல்: தாமதமான திருமணம், குறைவான பிள்ளைகள், பால் கொடுக்காமை, 'வேலைக்குப் போகும் வாழ்க்கைமுறை'. முன்பு சீக்கிரம் கட்டியது குற்றம். இப்போது தாமதமாகக் கட்டியது குற்றம். 1842-இன் வெரோனா அட்டவணை தமிழ்நாட்டுக் கைபேசிகளில் உலவுகிறது.

தொழிலாளிப் பெண்கள் தங்கும் விடுதி ஒன்றில் உடல்நலம் பற்றிப் பேசப் போயிருந்தேன். கைபேசிப் பாகங்கள் பொருத்தும் வேலையில் இருந்த 23 வயதுப் பெண் கேட்டாள்: "மேடம், முப்பதுக்கு மேல கல்யாணம் பண்ணா மார்புல கேன்சர் வருமாமே? எங்கம்மா வாட்ஸப்ல அனுப்பிட்டு, ஊருக்கு வந்துடு, மாப்பிள்ளை பார்த்தாச்சுன்றாங்க." அவளைத் திரும்ப அழைக்க வேறு காரணங்கள் செல்லுபடியாகாமல் போயிருந்தன. அவள் சம்பளத்தில்தான் வீட்டுக்குக் கூரை போட்டிருந்தார்கள். இப்போது அறிவியலைத் துணைக்கு அழைத்திருந்தார்கள்.

அவளுக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். முதல் பிள்ளையைத் தாமதமாகப் பெறுவதற்கும் மார்பகப் புற்றுக்கும் உறவு உண்டு, அது பொய்யல்ல. ஆனால் 'இவ்வளவு மடங்கு' என்று சொல்பவரிடம் 'எதன் மடங்கு' என்று கேட்க வேண்டும். சென்னை போன்ற நகரத்தில் ஆண்டுக்கு 1 லட்சம் பெண்களில் 40 பேர் அளவில் இந்த நோய் வருகிறது. அதிலும் பெரும்பங்கு 40 வயதைத் தாண்டியவர்களுக்கு. சிறிய எண்ணை ஒன்றரை மடங்காக்கினாலும் அது சிறிய எண்தான். சீக்கிரம் பெற்றால் இந்த ஆபத்து சற்றுக் குறையலாம். பதினெட்டில் பெறுவதற்குப் பேறுகால ஆபத்து, இரத்தசோகை, நின்றுபோன படிப்பு என்று வேறு விலைகள் உண்டு. அந்த விலைகளை யாரும் வாட்ஸப்பில் அனுப்புவதில்லை.

கருப்பைவாய்ப் புற்றின் கதையில் அந்தப் பழைய பட்டியல் என்ன ஆயிற்று என்பதையும் பார்க்க வேண்டும். 1983-இல் ஹரால்ட் சூர் ஹௌசன் குழு அந்தப் புற்றுச் செல்களுக்குள் ஒரு பாப்பிலோமா வைரஸைக் கண்டது. 2008-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 2003-இல் சென்னையில் அடையாறு மருத்துவமனை ஆய்வாளர்கள் பன்னாட்டுக் குழுவோடு செய்த ஆய்வில், கிட்டத்தட்ட எல்லா நோயாளிகளிடமும் அந்த வைரஸ் இருந்தது. சிறு வயதுத் திருமணம், நிறையப் பிள்ளைகள் என்ற பழைய பட்டியலுக்குப் பின்னால், பெரும்பாலும் உடலுறவில் தொற்றும் ஒரு வைரஸ் இருந்திருக்கிறது. கணவனைத் தவிர யாரையும் அறியாத மனைவிக்கு அது எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அட்டவணையில் இல்லை. ஏனென்றால் அட்டவணை மனைவியிடம் மட்டுமே கேட்டது. கணவனிடமும் கேட்ட சில ஆய்வுகள் பின்னால் இந்தியாவிலும் வந்தன. அவனுடைய உறவுகளுக்கும் அவளுடைய நோய்க்கும் தொடர்பு தெரிந்தது. கேள்வியை யாரிடம் கேட்கிறோம் என்பது பதிலில் பாதி.

சாந்தாவின் கட்டுரைகளில் என்னை மிகவும் நிறுத்தி வைத்தது 1997-இல் வந்தது. இதுவும் 'பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் கேன்சர்' இதழ்தான். முதல் பெயர் சி.கே. கஜலட்சுமி, இரண்டாவது சாந்தா, இரண்டும் பெண்கள். சென்னைப் பதிவேட்டில் மார்பகப் புற்று என்று பதிவான பெண்கள் எத்தனை பேர் எத்தனை ஆண்டு உயிரோடு இருந்தார்கள் என்பதே கேள்வி. 5 ஆண்டு பிழைத்திருந்தவர்கள் ஏறத்தாழப் பாதிப் பேர். யார் பிழைத்தார்கள் என்பதோடு தொடர்புடையவையாக வந்தவை நோய் எவ்வளவு பரவியபின் வந்தார்கள், எவ்வளவு படித்தார்கள், மணமானவர்களா இல்லையா என்பவை. கேள்வி இங்கே திரும்பிவிட்டது. 'எதனால் உனக்கு வந்தது' என்று பெண்ணின் வரலாற்றைக் கிளறாமல், 'வந்தபின் உன்னை யார் காப்பாற்றினார்கள்' என்று ஊரைக் கேட்கிறது. படித்தவள் கூடுதலாகப் பிழைக்கிறாள் என்றால், படிப்பு செல்லுக்குள் போய் எதையும் செய்வதில்லை. கட்டியை அவள் சீக்கிரம் சொல்கிறாள். சொன்னால் யாராவது அழைத்துப் போகிறார்கள். சிகிச்சையைப் பாதியில் விடாமல் இருக்கப் பணம் இருக்கிறது. திருமணமாகாதவள் குறைவாகப் பிழைக்கிறாள் என்றால், கணவன் மருந்து என்று அதற்குப் பொருளில்லை. துணைக்கு ஆளில்லாத பெண்ணை இந்த ஊர் எப்படி நடத்துகிறது என்பதை அந்த எண் சொல்வதாகவே எனக்குப் படுகிறது. எந்தத் திருமணமும் இல்லாமல் 93 வயது வரை வாழ்ந்து 2021-இல் மறைந்த சாந்தாவின் பெயர் இந்தக் கட்டுரையில் இருப்பது எனக்கு நிறைவாக இருக்கிறது.

இனி நான் வேலை பார்க்கும் நிலத்துக்கு வருகிறேன். 1982-இல் சென்னைப் பதிவேடு மாநகராட்சி எல்லைக்குள் இருந்தவர்களை எண்ணியது. ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் அப்போது செங்கல்பட்டு மாவட்டத்தின் ஏரிப்பாசன ஊர்கள், எல்லைக்கு வெளியே. அண்ணா புற்றால் இறந்த 1969-ஆம் ஆண்டில் அவர் பெயரால் காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் அரசு புற்றுநோய் மருத்துவமனை வந்தது. இந்தச் சுற்று வட்டாரப் பெண்கள் அங்கே போனார்கள். ஆனால் ஊரை எண்ணும் பதிவேடு வரவில்லை. மாநிலம் முழுவதுக்குமான பதிவுத் திட்டம் 2012-இல்தான் தொடங்கியது. அதற்குள் இருங்காட்டுக்கோட்டையில் கார் ஆலை, நோக்கியா, ஒரகடத்தில் இன்னொரு கார் ஆலை என்று வயல்கள் போய் சிப்காட் வந்துவிட்டது.

2000-இல் சென்னை உயர் நீதிமன்றம், பெண்கள் இரவில் ஆலை வேலை செய்யக் கூடாது என்ற தொழிற்சாலைச் சட்டப் பிரிவு செல்லாது என்றது. அது சமத்துவத்துக்கான தீர்ப்பு. அதை நான் திருப்பிக் கேட்கவில்லை. 2006-இல் நோக்கியா ஆலை திறந்தபோது உள்ளே போனவர்களில் பெரும்பான்மை இளம்பெண்கள். 2007-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்று ஆய்வு முகமை, உடலின் இரவு–பகல் ஒழுங்கைக் குலைக்கும் ஷிஃப்ட் வேலையை 'புற்று விளைவிக்கப் பெரிதும் வாய்ப்புள்ளது' என்ற பிரிவில் வைத்தது. 2019-இல் மீண்டும் உறுதிசெய்தது. ஆதாரத்தில் முக்கியமானது அமெரிக்க, ஐரோப்பியச் செவிலியரின் மார்பகப் புற்று. நீண்ட காலம் இரவுப் பணி பார்த்து நோயுற்ற சில பெண்களுக்கு டென்மார்க் தொழில்நோய் இழப்பீடும் கொடுத்தது. இங்கே ஆபத்துப் பட்டியலில் திருமண வயது இருக்கிறது. இரவு ஷிஃப்டைச் சொல்லும் துண்டறிக்கை எதையும் எங்கள் சாலையில் நான் கண்டதில்லை.

நோக்கியா 2014-இல் மூடியது. அங்கே இருந்தவர்கள் எங்கெங்கோ போனார்கள். இப்போது விடுதிகளில் இருப்பவர்கள் வேறு தலைமுறை. திருவண்ணாமலை, கடலூரிலிருந்தும், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்கள். 2021 டிசம்பரில் விடுதி உணவு நஞ்சாகிப் பலர் மருத்துவமனைக்குப் போனபோது, ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண்கள் பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்ததால்தான் அவர்கள் எப்படித் தங்கவைக்கப்பட்டிருந்தார்கள் என்பது வெளியே தெரிந்தது. உணவு நஞ்சு ஒரே இரவில் தெரிந்துவிடும். புற்று அப்படி இல்லை. ஆர்மிட்டேஜ்–டால் கணக்கின்படி செல்லின் மாற்றங்கள் ஒவ்வொன்றாகச் சேர 20, 30 ஆண்டுகள் ஆகும். இன்று 21 வயதில் இரவு வரிசையில் நிற்பவளுக்கு ஏதேனும் நேருமானால் அது அவளுடைய 45-ஆவது வயதில், போளூரிலோ பாலசோரிலோ பதிவாகும். பதிவேடு வசிக்கும் ஊரைத்தான் அடிப்படையாகக் கொள்ளும். ஒரே ஆலையில் நின்றவர்கள் நூறு ஊர்ப் பதிவேடுகளில் ஒவ்வொருவராகச் சிதறுவார்கள். எந்த ஊரிலும் எண் உயராது. எண் உயராததால் எதுவும் நடக்கவில்லை என்று ஆகிவிடும். அவளிடம் கேட்கப்படும் கேள்வியோ தயாராக இருக்கிறது: எந்த வயதில் திருமணம்? எத்தனை குழந்தை?

1959-இல் சாந்தா செய்தது போன்ற ஆய்வு இந்தப் பெண்களுக்கு வேண்டும். நோய் வந்தவரிடமும் வராதவரிடமும் எந்த ஆலை, எத்தனை ஆண்டு, எத்தனை இரவு, கையால் தொட்ட கரைப்பான்கள் எவை என்று கேட்கிற ஆய்வு. அதற்கு இன்றைய தொழிலாளர் பட்டியல்கள் 20 ஆண்டு கழித்தும் இருக்க வேண்டும். ஒப்பந்த நிறுவனம் மாறும்போது பழைய பட்டியலும் போய்விடுகிறது. வேலை விட்டுச் சில மாதங்களில் இ.எஸ்.ஐ. காப்பும் நின்றுவிடுகிறது. பட்டியலைக் காக்கும் பொறுப்பை ஆலையிடமும் அரசிடமும் கேட்க வேண்டும், சங்கங்கள் கேட்க வேண்டும். அதுவரை என் மாணவிகளிடம் ஒன்று சொல்லி வருகிறேன்: வேலையில் சேர்ந்த கடிதம், சம்பளச் சீட்டு, இ.எஸ்.ஐ. எண், வைப்புநிதி எண், ஷிஃப்ட் அட்டவணையின் படம் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு, மாமியார் வீட்டுக்குப் போனாலும் கையோடு எடுத்துப் போங்கள். கல்யாணப் பத்திரிகையை எல்லோரும் பத்திரமாக வைப்பார்கள். இதை நீங்கள்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.